கொட்டாங்கச்சியும் மின்கலமும்

நகரத்தில் வசிப்பவர்கள் 'குப்பை' என்று சொல்லும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்கள்; கிராமத்துக் குடியானவர் அதே சொல்லைச் சொல்லும்போது அதில் அருவருப்பின் சாயல் சிறிதும் இராது. மாட்டுத் தொழுவத்துச் சாணமும், வைக்கோல் கூளமும், அடுப்புச் சாம்பலும், வாசலைப் பெருக்கிய மண்ணும் ஒரு வருஷ காலம் குழியில் கிடந்து மட்கிய பிறகு, அதை வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதை அவர் 'குப்பை அடிக்கிறது' என்பார். கழிவுக்கும் எருவுக்கும் அவருடைய பாஷையில் பேர் ஒன்றுதான். எது எந்த இடத்தில் கிடக்க வேண்டுமோ அந்த இடத்துக்கு இன்னும் போய்ச் சேராத பொருளைத்தான் அவர் குப்பை என்று அழைத்தாரே தவிர, பிரயோஜனம் அற்றுப்போன பொருளை அல்ல. இரசாயன சாஸ்திரிகளும் சமீப காலமாக அந்தக் குடியானவரின் கண்ணோடு பல கழிவுகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். தேங்காய் ஓட்டையும், மரக்கூழ் ஆலையின் கறுப்புச் சாற்றையும், தேய்ந்துபோன டயரையும் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியைப் பாட்டரிக்குள் வைத்து மின்சக்தியைச் சேமிக்கும் வித்தையைக் கற்று வருகிறார்கள். அந்த வித்தை எப்படிப்பட்டது, அதில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்பதைச் சற்று விஸ்தாரமாகப் பார்க்கலாம்.

நாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் கைப்பேசியிலும், சத்தமின்றித் தெருவில் ஓடும் மின்சார ஸ்கூட்டரிலும் உள்ள பாட்டரியின் உட்புறத்தை முதலில் மனக்கண்ணால் பார்த்துக்கொள்வது அவசியம். நேர்முனை, எதிர்முனை என்று இரண்டு தகடுகள்; அவை ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவே நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய திரை; இவற்றையெல்லாம் நனைத்துக்கொண்டு நிற்கும் ஒரு திரவம். லித்தியம் அயனிகள் இந்தத் திரவத்தின் வழியே ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்குப் போவதும் வருவதுமாக இருக்கின்றன. சார்ஜ் ஏற்றும்போது அவை எதிர்முனைக்குப் போய் அங்கே தங்குகின்றன. நாம் கருவியை உபயோகிக்கும்போது அங்கிருந்து புறப்பட்டு நேர்முனைக்குத் திரும்புகின்றன. அவை திரும்பும் அதே வேளையில் எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே ஓடி நம்முடைய வேலையைச் செய்து கொடுக்கின்றன. ஆகவே எதிர்முனை என்பது யாத்திரிகர்கள் வந்து இராத்தங்கிப் போகும் சத்திரத்தைப் போன்றது. அதில் இடம் தாராளமாக இருக்க வேண்டும். வாசல் குறுகலாக இருக்கக் கூடாது. ஆயிரம் தடவை ஜனங்கள் வந்து போனாலும் சுவர் இடிந்துவிடக் கூடாது. இந்தச் சத்திரத்தைக் கட்டுவதற்கு இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களுள் கரிக்கு நிகரானது அரிது.

கரியிலிருந்து பாட்டரி செய்வது ஏதோ நேற்று முளைத்த விநோதம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இன்றைய லித்தியம் அயனி பாட்டரியே ஒரு கசண்டின் மேல் கட்டப்பட்டதுதான். 1985-ஆம் ஆண்டில் ஜப்பானிலுள்ள அஸாஹி கஸேய் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் அகிரா யோஷினோ, லித்தியத்தை உலோகமாகவே எதிர்முனையில் வைப்பதிலுள்ள அபாயத்தை நீக்க வேண்டி, அதன் அயனிகளை ஏற்றுக்கொள்ளக்கூடிய வேறு பொருளைத் தேடிப் பலவற்றைப் பரிசோதித்த பிறகு, பெட்ரோலியக் கோக் என்ற கரிப்பொருளில் வந்து நிலைத்தார். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் இறக்கிக்கொண்ட பின்பு, அடியில் தார்போல் தங்கிவிடும் மண்டியை மேலும் சூடாக்கினால் எஞ்சும் கட்டிதான் அந்தக் கோக். இந்த அமைப்பை ஆதாரமாகக் கொண்டு 1991-இல் சோனி கம்பெனி பாட்டரியை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. 2019-இல் யோஷினோவுக்கும், அமெரிக்காவில் பணியாற்றிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஆகிய இருவருக்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எண்ணெய் ஆலையின் அடிக்கசடு ஒன்று நோபல் பரிசு மேடை வரை போய் வந்திருக்கிறது என்பது நினைவில் இருத்த வேண்டிய சமாசாரம்.

பின்னர் கோக்கின் இடத்தைக் கிராபைட் பிடித்துக்கொண்டது. பென்சிலுக்குள் இருப்பதும் இதுவே. அதன் அமைப்பு வெற்றிலைக் கவுளியை ஒத்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிரமம் தவறாமல் அடுக்கப்பட்ட மெல்லிய கரித்தாள்கள், ஒவ்வொரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் வீதம் அந்த இடுக்குகளில் போய் அமர்கிறது. அந்தக் கணக்கின்படி ஒரு கிராம் கிராபைட் அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னேற்றத்தைத் தாங்கும். கிராபைட்டைப் பூமியிலிருந்து தோண்டி எடுக்கலாம். தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்திலும், இலங்கையில் போகல, கஹடகஹ சுரங்கங்களிலும் அது கிடைக்கிறது. அல்லது அமெரிக்கரான எட்வர்ட் அச்செசன் 1896-இல் உரிமை பெற்ற முறையைப் பின்பற்றி, கோக்கை மின்சார உலையில் ஏறக்குறைய 3000 டிகிரி வரை சூடாக்கிச் செயற்கையாகச் செய்துகொள்ளலாம். இரும்பு உருகுவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப்போல் இரண்டு மடங்கு உஷ்ணம் அது. அதற்குச் செலவாகும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மின்சாரக் காரின் பாட்டரியில் லித்தியத்தைவிடப் பல மடங்கு எடையுள்ள கிராபைட் அடங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கிராபைட்டைப் பாட்டரிக்கு ஏற்றதாகப் பக்குவம் செய்யும் தொழில் மிகப் பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல், அனுமதிச் சீட்டு இல்லாமல் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அந்நாடு விதித்தவுடன், மற்ற நாடுகள் வேறு கரியைத் தேட வேண்டிய கவலை வந்துவிட்டது.

கவலை கிராபைட்டோடு நிற்கவில்லை. லித்தியமே பூமியில் அரிதாகக் கிடைக்கும் பொருள். அதே குடும்பத்தைச் சேர்ந்த சோடியமோ கடலெங்கும் உப்பாகக் கரைந்து கிடக்கிறது; பூமியின் மேலோட்டில் லித்தியத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கிறது. எனவே லித்தியத்தின் வேலையைச் சோடியத்திடம் ஒப்படைத்தால் என்ன என்ற யோசனை இயற்கையாகவே எழுந்தது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. லித்தியம் பாட்டரியில் எதிர்முனைக்குரிய கரியைத் தாமிரத் தகட்டின்மேல் பூச வேண்டும். சோடியம் அலுமினியத்தோடு கலந்து அதைக் கெடுப்பதில்லையாதலால், விலை குறைந்த அலுமினியத் தகட்டையே இரண்டு முனைகளுக்கும் உபயோகித்துக்கொள்ளலாம். இவ்வளவு அனுகூலம் இருந்தும் ஒரு பெரிய தடை குறுக்கே நின்றது. கிராபைட் சோடியத்தை உள்ளே சேர்ப்பதில்லை. சோடியம் அயனி பருமனானது, அதனால் நுழையவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதனினும் பருத்த பொட்டாசியம் அதே கிராபைட்டுக்குள் தாராளமாக நுழைந்துவிடுவதைப் பார்க்கும்போது, விஷயம் பருமனோடு முடிந்துவிடவில்லை என்று தெரிகிறது. சோடியத்துக்கும் அந்தக் கரித்தாள்களுக்கும் இடையே பற்று உண்டாவதில்லை. ஒழுங்காகக் கட்டிய அந்தச் சத்திரத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

இடம் கொடுத்தது ஒழுங்கற்ற கரி. அதைப் புரிந்துகொள்ள, பாட்டரியைப் பற்றிக் கனவிலும் நினைத்திராத ஒரு பெண்மணியிடம் நாம் போக வேண்டும். உயிரின் வித்தான டி.என்.ஏ.யின் அமைப்பை எக்ஸ்-கதிர்ப் படத்தில் பிடித்த ரோஸலிண்ட் பிராங்க்லினை உலகம் அந்த ஒரு படத்துக்காகவே கொண்டாடுகிறது. அவர் தம்முடைய குறுகிய ஆயுளில் ஒரு நல்ல பகுதியைக் கரிக்காகச் செலவிட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் நிலக்கரி உபயோக ஆராய்ச்சிச் சங்கத்தில் சேர்ந்து, நிலக்கரிக்குள் இருக்கும் நுண்துளைகள் சில வாயுக்களை உள்ளே விட்டுச் சிலவற்றைத் தடுத்து நிறுத்தும் சல்லடையாக எப்படி வேலை செய்கின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். யுத்தம் முடிந்ததும் பாரிஸ் நகரத்துக்குப் போய், பலவகைப் பொருள்களைக் கரியாகச் சுட்டு, அந்தக் கரிகளை மேலும் மேலும் சூடாக்கி, அவற்றின் உள்ளமைப்பு எப்படி மாறுகிறது என்பதை எக்ஸ்-கதிர் கொண்டு அளந்தார். 1951-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கரிகளெல்லாம் ஒரே ஜாதி அல்ல, இரண்டு ஜாதி என்று நிலைநாட்டிவிட்டது. ஒரு ஜாதி, சூடேறச் சூடேற, தாள்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கிராபைட்டாகிவிடும். மற்றொரு ஜாதியை 3000 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் கிராபைட் ஆகாது. தன் பழைய கோலத்தைவிட்டு அது அசைவதே இல்லை.

இதில் அதிசயம் என்னவென்றால், அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான உதாரணங்கள் இரண்டும் உடன்பிறந்தவை போன்ற பிளாஸ்டிக்குகள். நம் வீடுகளில் தண்ணீர்க் குழாயாக வரும் பி.வி.சி. ஒன்று, அதனினும் சற்றுக் கூடுதலாகக் குளோரின் அடங்கிய பாலிவினைலிடீன் குளோரைடு மற்றொன்று. முதலாவது கிராபைட்டாயிற்று, இரண்டாவது ஆகவில்லை. காரணத்தையும் அவரே கண்டு சொன்னார். சில பொருள்கள் கரியாகும் வழியில், மெழுகு இளகுவதுபோல் ஒரு கட்டத்தில் இளகுகின்றன. அந்த இளக்கத்தில் கரித்தாள்கள் நகர்ந்து, திரும்பி, ஒன்றோடொன்று அணிவகுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. வேறு சில பொருள்களோ, உஷ்ணம் அதிகம் ஏறுவதற்கு முன்பே, தாளுக்குத் தாள் குறுக்குக் கட்டுகள் போட்டு இறுகிவிடுகின்றன. பிறகு எத்தனை சுட்டாலும் நகர முடியாது. மரமும், ஓடும், கொட்டையும் இந்த இரண்டாம் ஜாதி. அவை இளகுவதே இல்லை. தேங்காய் ஓட்டைச் சுட்டால் கரியும் ஓட்டின் வடிவத்திலேயே நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம் அல்லவா? 1958-இல், தம் முப்பத்தேழாவது வயதில், பிராங்க்லின் காலமானார். கிராபைட் ஆக மறுத்த அந்தக் கரி ஒரு நாள் மின்சக்தியின் களஞ்சியமாகும் என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அந்த நாள் 2000-ஆம் ஆண்டில் வந்தது. கனடாவில் ஹாலிபாக்ஸ் நகரத்து டல்ஹௌஸி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெஃப் டானும் அவருடைய மாணவர் ஸ்டீவன்ஸும் குளுக்கோஸைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரிக்குள் சோடியத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 300 மில்லி ஆம்பியர் மணி. லித்தியத்துக்குக் கிராபைட் கொடுப்பதற்கு அவ்வளவாகக் குறையவில்லை. கிராபைட் வெற்றிலைக் கவுளி என்றால், இந்த வன்கரி மரத்தடியில் காற்று கூட்டிய சருகுக் குவியல். சருகுகள் கோணலும் மாணலுமாகக் கிடப்பதால் அவற்றுக்கிடையே இடைவெளி அகலமாக இருக்கிறது. அங்கங்கே சிறு பொந்துகள் உண்டாகின்றன. சோடியம் முதலில் அகன்ற இடுக்குகளில் நுழைந்து, பின்பு பொந்துகளை நிரப்பிக்கொள்கிறது. தொழிலில் இதை 'ஹார்ட் கார்பன்' என்கிறார்கள். கிராபைட் ஆகாமை என்ற குறைதான் இங்கே குணமாயிற்று. அதற்கு ஐம்பது வருஷம் முன்பு 'ஆகாதது' என்று ஒதுக்கி வைத்த ஜாதிக்குத்தான் சோடியம் பாட்டரி முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

இனி நம் வீட்டுப் பின்கட்டுக்கு வருவோம். சென்னையில் கொட்டாங்கச்சி என்றும், திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் சிரட்டை என்றும், கொங்கு நாட்டில் தொட்டி என்றும் வழங்கும் தேங்காய் ஓடு, நம்மவர்களுக்கு அகப்பையாகவும், இஸ்திரிப் பெட்டிக்குள் கனலும் கரியாகவும் உழைத்த பொருள். உலகம் அதன் அருமையை முதல் மகாயுத்தத்தில் அறிந்தது. போர்க்களத்தில் விஷவாயு பரவியபோது, முகமூடிக்குள் வைக்க வேண்டிய கரிக்கு மிகச் சிறந்தது தேங்காய் ஓட்டுக் கரி என்று பரிசோதனையில் தெரிந்தது. வேண்டிய அளவு கிடைக்காமையால், 1918-இல் அமெரிக்க அரசாங்கம், பீச் பழக்கொட்டைகளையும் மற்றப் பருப்பு ஓடுகளையும் வீசி எறியாமல் சேர்த்துத் தரும்படி ஜனங்களை வேண்டிக்கொண்டது. சாப்பிட்டு எறிந்த கொட்டை போர்வீரனின் சுவாசத்தைக் காத்தது. அன்று முதல் இன்று வரை, தண்ணீரைச் சுத்தப்படுத்தவும், தங்கத்தைப் பிரித்தெடுக்கவும், வாயுக்களை வடிகட்டவும் தேங்காய் ஓட்டுக் கரி கப்பலேறிக்கொண்டிருக்கிறது.

ஆனால் முகமூடிக்கு ஏற்ற கரியும் பாட்டரிக்கு ஏற்ற கரியும் ஒன்றென்று நினைத்தால் அது பெரிய தவறு. இந்த இடத்தில்தான் விஷயத்தின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. வாயுவையும் அழுக்கையும் பிடிப்பதற்கு, கரியின் துளைகளையெல்லாம் திறந்து விட வேண்டும். அதற்காகக் கரியை நீராவியில் வேகவைத்தாற்போல் மிகுந்த உஷ்ணத்தில் பக்குவம் செய்து, ஒரு கிராம் தூளின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும்படி, அதாவது ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் நிலம் அடங்கும்படி செய்கிறார்கள். பாட்டரிக்கு இந்தப் பரப்பே விரோதி. முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போது, திரவம் கரியைத் தொடும் இடமெல்லாம் ஒரு மெல்லிய ஏடு படிகிறது. அந்த ஏடு படிவதற்குச் சோடியம் செலவாகிறது. செலவான சோடியம் திரும்பி வருவதில்லை. பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நஷ்டம். ஆகவே பாட்டரிக்காரர்கள் கேட்பது, உள்ளே பொந்துகள் நிறைய இருந்து வெளியே கதவு சாத்திய கரி: அயனி மட்டும் நுழையலாம், திரவம் நுழையக் கூடாது. ஒரே ஓட்டிலிருந்து, பக்குவத்தின் வேற்றுமையால், இப்படி நேர் எதிரான இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஜப்பானின் குராரே கம்பெனி இந்த இரண்டையும் தேங்காய் ஓட்டிலிருந்தே செய்து விற்கிறது. நொடியில் மின்னேற்றம் ஏறி நொடியில் இறங்கும் சூப்பர் கப்பாசிட்டர் என்ற சாதனத்துக்குத் திறந்த துளைக் கரியையும், பாட்டரிக்கு மூடிய துளை வன்கரியையும் அது தருகிறது. ஆராய்ச்சிக் கூடத்து விளையாட்டாக நில்லாமல், கழிவுக் கரி கடைச்சரக்காகவே ஆகிவிட்டதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்ந்த ஓட்டைக் காற்றுப் படாமல் நானூறு, அறுநூறு டிகிரிக்குச் சுட்டால் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய முப்பது கிலோ கரி நிற்கும். அதை இடித்து, ஓட்டில் இயற்கையாக உள்ள பொட்டாசியம் முதலிய உப்புக்கள் நீங்கும்படி அமிலத்தில் கழுவி, நைட்ரஜன் போன்ற ஒட்டாத வாயு நிறைந்த உலையில் 1000 முதல் 1500 டிகிரி வரை பல மணி நேரம் மீண்டும் சுட வேண்டும். துளைகளின் வாய் மூடிக்கொள்வது இந்த இரண்டாவது சூட்டில்தான். பிறகு மாவாக அரைத்து, பசையோடு குழைத்து, தகட்டின்மேல் பூசி, உலர்த்தி, அழுத்துகிறார்கள். கிராபைட்டுக்கு வேண்டிய 3000 டிகிரிக்கு முன்னே இது பாதிதான்.

தேங்காய் ஓட்டோடு ஆராய்ச்சி நிற்கவில்லை. அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையில் புதிதாக ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டிருந்த விலாஸ் போல் என்ற பேராசிரியர், கருவிகள் வந்த பெட்டிகளிலெல்லாம் உடையாமலிருக்க அடைத்திருந்த நுரைத் துண்டுகள் மலைபோல் குவிவதைக் கண்டு, அவற்றையே சுட்டுப் பாட்டரிக் கரியாக்கி, 2015-இல் அந்த முடிவை வெளியிட்டார். டென்னஸி மாகாணத்தின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் பரந்தாமன் என்னும் விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 2014-இல் பழைய டயர்த் தூளைச் சூடான கந்தகத் திராவகத்தில் ஊறவைத்துப் பின்பு சுட்டு, லித்தியம் பாட்டரிக்கு ஏற்ற கரியைப் பெற்றார்கள். டயர் கறுப்பாக இருப்பதே அதில் கலந்துள்ள கரித்தூளால்தான். ஆகையால் அங்கே கரியைப் படைப்பதைவிட மீட்பதே வேலை. கலிபோர்னியாவில் ஒரு குழு காளான் தோலை எடுத்துக்கொண்டது. கொரியாவில் 2013-இல் நெல் உமியை எடுத்துக்கொண்டவர்கள், அதிலுள்ள கரியைவிட மணற்சத்தை மதித்தார்கள். உமியைச் சுட்டால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா, அதைப் பிரித்தால் வரும் சிலிக்கான் எடைக்கு எடை கிராபைட்டைப்போல் சுமார் பத்து மடங்கு லித்தியத்தைத் தாங்கும். அரிசி ஆலைக் கொதிகலனில் நாம் எரித்துத் தீர்க்கும் உமி அது!

இவற்றையெல்லாம் படிக்கும்போது உற்சாகம் பெருகுவது இயல்பு. வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல், நிலக்கடலைத் தொலி, பூவின் மகரந்தம் என்று சுடாத பொருள் மிச்சமில்லை என்னும்படி கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. என்னுடைய அபிப்பிராயத்தில் இவற்றுள் பெரும்பான்மை ஆய்வுக்கூடத்தின் வாசற்படியைத் தாண்டப் போவதில்லை. அதைச் சொல்லிவிடுவதுதான் வாசகர்களுக்குச் செய்யும் மரியாதை. கைப்பிடி அளவு கரி செய்து பரிசோதிப்பது ஒன்று. வருஷம் முழுவதும் ஒரே குணமுள்ள கரியை டன் கணக்கில் கொடுப்பது வேறொன்று. ஒரு பாட்டரியில் நூற்றுக்கணக்கான அறைகள் இருந்தால் அத்தனையும் ஒரே சீராக உழைக்க வேண்டும்; ஒன்று சோர்ந்தாலும் மற்றவை கெடும். கழிவோ, ஊருக்கு ஊர், மழைக்கு மழை, மரத்துக்கு மரம் மாறும் சுபாவமுள்ளது. பழத்தோலில் ஈரம் மிகுதி. அதைச் சேகரித்து, அழுகுமுன் உலர்த்தி, ஆலைக்குக் கொண்டுசேர்க்கும் கூலியிலேயே லாபம் கரைந்துபோகும். தேங்காய் ஓடு மட்டும் இந்தச் சோதனையில் தேறுவதற்குக் காரணம், அது கெட்டியானது, எளிதில் கெடாதது, நூற்றில் ஒரு பங்கு அளவே சாம்பல் தருவது, கொப்பரைக் களங்களில் தானாகவே குவிந்து கிடப்பது. இத்தனை இருந்தும் வன்கரி, முதல் சார்ஜிலேயே பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழந்துவிடுகிறது. சோடியம் பாட்டரி லித்தியம் பாட்டரியைவிடக் கனமாகவே இருக்கிறது. ஆகவே நெடுந்தூரம் ஓடும் காருக்கு அது இன்னும் ஈடாகவில்லை. வெயிலில் விளையும் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்துவைக்கவும், ஊருக்குள் ஓடும் வண்டிக்கும் அது போதும்.

வியாபாரத்தின் கஷ்டம் வேறு. பின்லாந்தின் கோட்கா நகரத்தில், ஆல்வார் ஆல்டோ என்ற பெரிய கட்டடக் கலைஞர் 1930-களில் வரைந்து கொடுத்த சுனிலா மரக்கூழ் ஆலை உண்டு. மரத்தைக் கூழாக்கிக் காகிதத்துக்குரிய நாரைப் பிரித்த பிறகு, அந்த நார்களை இதுவரை ஒட்டிப் பிடித்திருந்த லிக்னின் என்னும் பொருள் கறுப்புச் சாறாக மிஞ்சும். அதை எரித்துச் சூடு காய்வதே உலக வழக்கம். ஸ்டோரா என்ஸோ கம்பெனி அந்த லிக்னினைப் பிரித்தெடுத்து, 2021-இல் சுனிலாவில் ஒரு சோதனை ஆலையையும் அமைத்து, அதிலிருந்து பாட்டரிக் கரி செய்யத் தொடங்கியது. மறு வருஷம் சுவீடனின் நார்த்வோல்ட் என்ற பாட்டரிக் கம்பெனியோடு உடன்படிக்கை ஆயிற்று. 2023-இல் சுனிலாவின் கூழ் ஆலை மூடப்பட்டது. 2025-இல் நார்த்வோல்ட் திவாலாயிற்று. சாஸ்திரத்தில் பிழை ஏதும் இல்லை. கூழ் விலையும் கடன் சுமையும் சேர்ந்து ஒரு நல்ல முயற்சியின் காலடி மண்ணை வாரிவிட்டன. கழிவை நம்பும் தொழில், அந்தக் கழிவைத் தரும் முதல் தொழிலையும் நம்பித்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

சீனாவில் 2021-இல் சி.ஏ.டி.எல். கம்பெனி தன் முதல் சோடியம் பாட்டரியைக் காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஃபாரடியான் என்ற சோடியம் பாட்டரிக் கம்பெனியை இந்தியாவின் ரிலையன்ஸ் வாங்குவதாக அறிவித்தது. ஆகவே வன்கரிக்கு நம் நாட்டிலும் தேவை எழப் போகிறது. இந்தியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2000 கோடித் தேங்காய் விளைகிறது. காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிப் பக்கங்களில் கொப்பரை எடுத்தபின் குவியும் தொட்டியைக் கரியாக்கும் தொழில் நெடுநாளாக நடந்துவருகிறது. அந்தக் கரியின் பெரும்பகுதி வடிகட்டும் கரியாக மாறி வெளிநாடு போகிறது. மூலப்பொருள் இருக்கிறது, கைப்பழக்கம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. காங்கேயத்திலிருந்து அங்கே போக ஒரு பகல் பிரயாணம்கூட ஆகாது.

ஆனால் கரி சுடும் குழிகளின் அருகே போய் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு வருத்தம் தோன்றாமலிராது. பல இடங்களில் இன்னும் திறந்த குழியில்தான் தொட்டியை எரிக்கிறார்கள். எரியக்கூடிய நல்ல வாயுவெல்லாம் புகையாக ஆகாயத்துக்குப் போகிறது. கனலும் கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் தாரோடு மண்ணில் இறங்குகிறது. கிணற்று நீர் நிறம் மாறிவிட்டதென்று அக்கம்பக்கத்து விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் முறையீடு நியாயமானது. புகையில்லாத பாட்டரிக்கு வேண்டிய கரியை, புகையும் கழிவுநீரும் பெருக்கித் தயாரிப்பது தகாது. தவிரவும், குழியில் சுட்ட கரி ஓரிடத்தில் வெந்தும் ஓரிடத்தில் வேகாமலும் இருப்பதால், பாட்டரிக்கு வேண்டிய ஒரே சீரான குணம் அதில் ஒருபோதும் வராது. மூடிய உலையில் சுட்டால் உஷ்ணம் கட்டுப்படும், வாயுவையே விறகாக்கிக்கொள்ளலாம், கரியும் சீராக வரும். அத்தகைய உலைக்குச் சிறு கரிக்காரர்களிடம் முதல் இல்லை. குழிகளை மூடச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவதோடு நின்றுவிடாமல், மூடிய உலை வைக்க முன்வருகிறவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடனும், கரியைப் பரிசோதித்துச் சொல்ல ஆய்வு நிலையத்தின் துணையும் கிடைக்கும்படி அரசாங்கமும் தென்னை விவசாயிகளின் சங்கங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். அதை இந்த வருஷமே தொடங்க வேண்டும்.